துப்பாக்கியின் மூக்கு

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. இது தெரிந்த முதல் நாளே ரைபிள் கிளப்பில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நாச்சிமுத்து அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பம்புசெட் மெக்கானிக்காக இருந்தவர். கிணற்றுக்குள் பதினைந்து வருஷம் துருவேறிக் கிடந்த நட்டைக்கூடக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார் என்று சூலூர் வட்டாரத்தில் பேர் வாங்கியவர். பட்டறையை மகன்களிடம் விட்ட பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கிளப்பின் ஆயுத அறைக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்.

அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் சுகுணா. லைசென்ஸ் அவர் பேரில், சாவி அவர் இடுப்பில். நாச்சிமுத்து அவரை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிட்டார். கிண்டலுக்கு இல்லை, மனசாரத்தான்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. துடைக்கச் சொன்னார், துடைத்தார். எண்ணெய் போடச் சொன்னார், போட்டார். ஸ்பேனர் பிடிக்கிற வேலை மட்டும் கைக்கு வரவே இல்லை.

"ஏனுங் வாத்தியாரம்மா, நான் எப்பத்தான் ஒரு நட்டைத் திருப்பறது?"

"திருப்பறதுக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியுங்கண்ணா."

"அப்புறம் என்னங்க?"

"அதுதான் எனக்கு யோசனையா இருக்கு."

இதற்கு என்ன அர்த்தம் என்று நாச்சிமுத்து இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை ஜெசிந்தா டீச்சர் துப்பாக்கிப் பெட்டியோடு வந்தார். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மாநில அணித் தேர்வு. போன இரண்டு வருஷமும் ஒன்றிரண்டு புள்ளியில் கோட்டைவிட்டவர். இருப்பது இந்த ஒரே ரைபிள்.

"சுகுணா, குண்டெல்லாம் எடப்பக்கமே ஒதுங்குது. மசில் பிரேக்ல விரிசல் விட்டிருக்கு பாரு. மாத்திக் குடுத்துரு."

மசில் பிரேக் என்பது துப்பாக்கிக் குழலான பேரலின் வாயில் திருகி மாட்டியிருக்கும் விரல் நீள இரும்புத் துண்டு. சுடும்போது துப்பாக்கி துள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நாச்சிமுத்துவின் நாக்கில் அந்தப் பேர் நிற்கவில்லை, அதனால் 'மூக்கு' என்பார். கிளப்பில் பாதிப் பேர் இப்போது மூக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

சுகுணா ரைபிளை வாங்கியதும் பின்பக்கத்து அடைப்பான போல்ட்டைத் திறந்தார். தோட்டா இருக்கும் அறைக்குள் கண்ணால் பார்த்தார், சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். காலி. பிறகு நாச்சிமுத்துவிடம் நீட்டினார். அவர் வாங்கி அப்படியே மேசையில் வைக்கப் போனார்.

"பாக்கலீங்களா?"

"இப்பத்தானுங்களே நீங்க பாத்தீங்க?"

"நான் பாத்தது எனக்குங்கண்ணா."

அந்த அறையின் வழக்கம் அது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனாலும், வாங்குகிறவர் திறந்து பார்த்தாக வேண்டும். ஐந்து மாதமாகியும் நாச்சிமுத்துவுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு காலி ஓட்டையை எத்தனை பேர்தான் பார்ப்பது! இருந்தாலும் திறந்து பார்த்தார்.

சுகுணா மூக்கைக் கையால் திருகிப் பார்த்தார். அசையவில்லை. மரையில் யாரோ எப்போதோ பசை போட்டு இறுக்கியிருந்தார்கள், அதன் மேல் துரு வேறு. விளிம்பில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார்.

"இது ஊறட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குங்களா? ஒரு நிமிச வேலைங்க இது."

"நாளைக்குங்கண்ணா."

டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். சுடுதளத்தில் புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி இருந்ததால் சுகுணாவும் அந்தப் பக்கம் போனார். ஆயுத அறையில் நாச்சிமுத்துவும் ரைபிளும் மட்டும் இருந்தார்கள்.

அவருக்குக் கை துறுதுறுத்தது. முப்பத்திரண்டு வருஷத்துக் கை அது, சும்மா இருக்குமா? வாத்தியாரம்மா திரும்பி வரும்போது மூக்கு தனியாக, பேரல் தனியாக மேசை மேல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்பே இனித்தது.

பின்பக்க மரக்கட்டையைக் கழற்றினார். பேரல் வந்து சேரும் இரும்பு உடம்பில் துணியைச் சுற்றி, அதை மேசையோடு பொருத்தியிருந்த வைஸ் பிடியில் கவ்வவிட்டார். இருப்பதிலேயே தடியான இடம் அதுதான். பம்பையும் அப்படித்தான் பிடிப்பார், பாடியைப் பிடித்துக்கொண்டு நுனியைத் திருப்புவார். மூக்கில் ஸ்பேனரை மாட்டினார். அசையவில்லை. மூலையில் கிடந்த பைப்பை எடுத்து ஸ்பேனரின் வாலில் சொருகிக்கொண்டார். காலை அகட்டி வைத்து ஒரு மிதமான இழுப்பு இழுத்தார்.

டிக்.

சத்தம் சின்னதுதான். ஆனால் மூக்கிலிருந்து வரவில்லை. மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. சத்தம் வந்தது இந்தக் கோடியிலிருந்து, வைஸுக்குப் பக்கத்திலிருந்து.

நாச்சிமுத்து பைப்பை மெதுவாகக் கீழே வைத்தார். குனிந்து, பேரலும் உடம்பும் சேருகிற இடத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே வெள்ளை பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு. பேரலில் தொடங்கி, சேருமிடத்தைத் தாண்டி, உடம்பு வரைக்கும் யாரோ இழுத்துவிட்ட கோடு. இப்போது அது ஒரே கோடாக இல்லை. பேரலில் பாதி, உடம்பில் பாதி, நடுவே அரை நெல் அளவு விலகல். மூக்கு கழலாமல் பேரலே உடம்பிலிருந்து தளர்ந்திருக்கிறது.

திருப்பி வைத்துவிடலாமா என்று ஒரு கணம் ஸ்பேனரைத் தொட்டார். எவ்வளவு திருப்புவது, எங்கே நிறுத்துவது, நிறுத்தினால் சரியாக நிற்குமா என்று எதுவும் தெரியவில்லை. வெளியே சுகுணாவின் குரல் கேட்டது. அவசர அவசரமாக மரக்கட்டையை மாட்டினார். கோடு கட்டைக்குள் மறைந்துவிட்டது. ரைபிள் பழையபடி தாங்கியில் உட்கார்ந்திருந்தது, ஒன்றும் நடக்காத மாதிரி.

"ஊறுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே சுகுணா வந்தார்.

"ஊறுதுங்க" என்றார் நாச்சிமுத்து.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தவர் விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வந்தபோது சுகுணா மேசையைத் துடைத்து வைத்திருந்தார். டீச்சரும் அரைநாள் லீவு போட்டுவிட்டு டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

சுகுணா ரைபிளை எடுத்து, திறந்து பார்த்து, நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீங்களே கழட்டுங்கண்ணா."

ஐந்து மாதம் காத்திருந்த வார்த்தை. வந்தது வந்தது, இன்றைக்கா வரவேண்டும் என்று அவருக்கு அழுகையே வரும் போலிருந்தது.

"அண்ணன் கைபட்டாக் கழண்டுரும் சுகுணா" என்றார் டீச்சர். "எங்க வீட்டு போர் மோட்டார மூணு பேரு கைவிட்டாங்க. இவருதான் வந்து ஓடவிட்டாரு."

நாச்சிமுத்து ரைபிளை வாங்கினார். வழக்கப்படி போல்ட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். காலி. போல்ட்டுக்கு நாலு விரல் பின்னால், மரக்கட்டையின் மேல் ஓர் இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. சுடும்போது டீச்சர் கன்னத்தை வைக்கிற இடம். தளர்ந்த பேரலில் தோட்டா வெடித்தால் அதன் வேகம் முன்னால் மட்டும் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? பின்னால் வந்தால் முதலில் படுவது அந்தக் கன்னத்தில்தான்.

மூக்கை மட்டும் எப்படியாவது கழற்றிக் கொடுத்துவிடலாம். டீச்சர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்.

அவர் ரைபிளை மேசையில் வைத்தார்.

"வாத்தியாரம்மா, நேத்து நீங்க அந்தப் பக்கம் போனப்ப நான் இதத் தொட்டுட்டேனுங்க."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

"பாடியப் புடிச்சு, பைப்புப் போட்டு இழுத்தேன். மூக்கு வரல, பேரல்தான் நகந்துச்சு. அடியில கோடு வெலகிருச்சுங்க. கட்டைய மாட்டி மறைச்சு வெச்சுட்டேன்." டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், இதுல நீங்க சுடக்கூடாதுங்க."

டீச்சரின் முகம் சிவந்தது. "ஏங்க, இது என்ன கெணத்து மோட்டாருங்களா? நாளன்னிக்கு செலக்‌ஷன்! எங்கிட்ட வேற ரைபிள் இருக்கா? ரெண்டு வருசமா நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா?" முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாச்சிமுத்து ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். அதை நாலாக மடித்து மேசை ஓரத்தில் வைத்தார். "நான் வர்றேனுங்க" என்று கும்பிட்டார்.

சுகுணா குழாயடிக்குப் போய் ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்தார்.

"போறதுன்னாப் போங்க. அதுக்கு முன்னால இத ஒரு கை புடிங்க."

துண்டின் ஒரு முனையை அவரிடமும் மறுமுனையை டீச்சரிடமும் கொடுத்தார். டீச்சருக்கு இது எதற்கென்று புரியவில்லை, கோபமும் அடங்கவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

"முறுக்குங்கண்ணா."

அவர் முறுக்கினார். முறுக்கு துண்டின் நீளத்துக்கும் ஓடியது. தண்ணீர் வழி நெடுகச் சொட்டியது.

"டீச்சர், முறுக்கு எங்க தெரியுது?"

"என் கையில. மணிக்கட்டு திரும்புது."

"அண்ணா, இப்ப உங்க முனையில இருந்து ஒரு சாண் தள்ளி நீங்களே ஒரு கையில இறுக்கிப் புடிங்க. மறுகையில முறுக்குங்க."

அவர் அப்படியே செய்தார். இரண்டு கைக்கும் நடுவே இருந்த ஒரு சாண் துண்டு மட்டும் முறுக்கிக்கொண்டு தண்ணீரைக் கக்கியது. மீதித் துண்டு தொளதொளவென்று தொங்கியது.

"இப்ப?"

"எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றார் டீச்சர்.

நாச்சிமுத்து துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் செருப்பில் சொட்டியது.

"பம்புல பாடியத்தானுங்களே புடிப்போம்..."

"பம்புக்குப் பின்னால கன்னத்த வெச்சு யாரும் படுக்க மாட்டாங்கண்ணா."

சுகுணா மடித்து வைத்த ஏப்ரனை எடுத்து அவர் தோளில் போட்டார். "கழட்டுங்க."

"நானுங்களா?"

"நாந்தான் அப்பவே சொன்னேனே."

அவர் கட்டிக்கொண்டார். இந்த முறை பேரலை, மூக்குக்கு நாலு விரல் தள்ளி, பள்ளம் குடைந்த இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்தார். வழுக்காமலிருக்கப் பள்ளத்தில் பிசின் பொடியைத் தூவினார். வைஸை முறுக்கினார். மறுகோடி சும்மா ஒரு துணி மூட்டை மேல் சாய்ந்துகொண்டிருந்தது. சூட்டுக் காற்று அடிக்கும் மெஷினை எடுத்து மூக்கின் மேல் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். உள்ளேயிருந்த பழைய பசை இளகிப் புகையும் வாடை வந்தது. ஸ்பேனரை மூக்கின் இரண்டு பட்டை முகங்களிலும் இடைவெளி இல்லாமல் உட்காரவைத்தார். கண் தானாக மூலையிலிருந்த பைப்பின் பக்கம் போனது. அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"வரலீங்களே."

"இன்னும் கொஞ்சம் சூடு காட்டுங்க. நமக்கு என்ன அவசரம்?"

"எனக்கு அவசரம்" என்றார் டீச்சர். ஆனால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுபடி சூடு, மறுபடி அதே அழுத்தம். மூன்றாவது முறை கைக்கடியில் ஏதோ இளகுவது தெரிந்தது. சத்தமே இல்லை. ஸ்பேனர் கால் சுற்று போனது, அரைச் சுற்று போனது. ஸ்பேனரை எடுத்துவிட்டு, ஆறும்வரை பொறுத்திருந்து, மூக்கைக் கையாலேயே திருகி எடுத்தார் நாச்சிமுத்து. வாழ்நாளில் எத்தனையோ நட்டுகளைக் கழற்றியிருக்கிறார், ஒன்றும் இவ்வளவு அமைதியாக வந்ததில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துவிட்டார்.

சுகுணா கொஞ்சம் பஞ்சை எடுத்துப் பேரலின் வாய் விளிம்பில் மெதுவாகச் சுற்றிவந்தார். எங்காவது பிசிறு இருந்தால் பஞ்சின் இழை மாட்டும். மாட்டவில்லை. நாச்சிமுத்துவிடம் கொடுத்தார். அவரும் ஒரு சுற்று சுற்றினார். டீச்சர் தானாகவே எழுந்து வந்து கையை நீட்டி, பஞ்சை வாங்கித் தானும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

பேரலை உடம்போடு இறுக்கும் வேலையைச் சுகுணாவே செய்தார். அதற்கென்றே இருக்கிற பிடியில் மாட்டி, பூதக்கண்ணாடி வழியே பார்த்தபடி, விலகிய பாதி மற்றப் பாதியோடு நேராக வரும்வரை திருப்பினார். பிறகு தோட்டா வடிவத்தில் இருந்த இரண்டு இரும்பு அளவுத் துண்டுகளை எடுத்தார். ஒன்றை உள்ளே விட்டால் போல்ட் மூட வேண்டும், மற்றதை விட்டால் மூடக்கூடாது; அப்படியிருந்தால்தான் பேரல் சரியான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். முதலாவதற்கு மூடியது. இரண்டாவதற்கு மூடவில்லை. மூன்று பேருமே மூச்சு விட்டார்கள்.

புது மூக்கை மாட்டிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனார்கள். முதல் மூன்று குண்டுகளுக்குச் சுகுணா யாரையும் கன்னம் வைக்கவிடவில்லை. ரைபிளை மேசையோடு கட்டி, எல்லோரையும் சுவருக்குப் பின்னால் நிறுத்தி, விசையைக் கயிற்றால் இழுத்துச் சுட்டார். காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எதிலும் கீறலோ வீக்கமோ இல்லை. அதற்குப் பிறகுதான் டீச்சரைப் பார்த்துத் தலையாட்டினார்.

டீச்சர் படுத்து, குறியைச் சரிசெய்ய நாலைந்து குண்டுகள் சுட்டார். அடுத்த ஐந்தும் நடுவில், ஒரு பத்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்தில் போய் உட்கார்ந்தன. டீச்சர் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தை மூன்று பங்காகப் போட்டார்.

"கோவம் போயிருச்சுங்களா டீச்சர்?" என்று நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாதி போயிருச்சு. மீதி ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம். சாப்பிடுங்க."

நேற்றிலிருந்து இறங்காத சோறு இன்றைக்கு நன்றாக இறங்கியது. ஊறுகாய் வேறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

டீச்சர் கிளம்பிய பிறகு ஆயுத அறையில் டீ வந்தது. சுகுணா பழைய மூக்கின் விரிசலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"வாத்தியாரம்மா, அந்தக் கோடு நீங்க போட்டதுங்களா?"

"இங்க வர்ற ஒவ்வொரு ரைபிளுக்கும் போடுவேன்."

"காலையில நான் வர்றதுக்கு முன்னால கட்டையக் கழட்டிப் பாத்தீங்களா?"

"எட்டரைக்கே பாத்தேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

நாச்சிமுத்து டீயைக் கீழே வைத்தார். "நான் வாயத் தொறக்காமயே இருந்திருந்தா?"

"டீச்சர் கைக்குப் போக விட்டிருப்பேனா? பேரல நானே சரி பண்ணியிருப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே? தொட்டீங்களான்னு கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். டீச்சர் முன்னால நிக்க வெச்சு..."

சுகுணா பழைய மூக்கை மேசையில் வைத்தார்.

"பேரல் நகந்தா, திருப்பிக் கொண்டாந்து நிறுத்தறதுக்குக் கோடு போட்டு வெச்சிருக்கேன். மனுசன் நகந்தா தானாத்தானுங்களே திரும்பி வரணும், உங்களுக்கு நான் எங்கீங்கண்ணா கோடு போடறது?"